பத்தாம் நம்பர் பம்பாய் போயிட்டான்

ஹூக்ளி மாவட்டத்தின் இந்த மூலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. சுற்றிலும் உருளைக்கிழங்கு வயல், நடுநடுவே கோல்டு ஸ்டோரேஜ். ஆனால் ஊருக்குப் பணம் வருவது கிழங்கிலிருந்து மட்டும் இல்லை, தங்கத்திலிருந்தும்தான். இங்கே தங்கம் விளைவதில்லை. இங்கிருந்து கிளம்பிப் போகிற பையன்கள் மும்பை ஜவேரி பஜாரிலும் டெல்லி கரோல்பாகிலும் பட்டறையில் உட்கார்ந்து நகை செய்கிறார்கள். கானாகுல், அடுத்த மாவட்டத்து காட்டால், தாஸ்பூர் என்று இந்தப் பக்கம் முழுக்க இதே கதைதான். மாதாமாதம் கணக்கில் பணம் விழுகிறதா என்று கேட்க, கவுண்டருக்கு வெளியே அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவன்தான் இங்கத்திய அரசுப் பள்ளியின் பத்தாம் நம்பர். வயது 16. பத்தாம் வகுப்பு.

நமக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நான் பி.காம்., பார்ப்பதோ வங்கி வேலை. காலேஜில்கூட மைதானத்துக்கு வெளியே நின்று கத்திய ஆள்தான். சர்க்கரை கொஞ்சம் கூடிவிட்டது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். ஊரில் நடக்க இருக்கும் ஒரே இடம் பள்ளி மைதானம். அங்கே பி.டி. மாஸ்டர் பழக்கமானார். ‘பேங்க் ஆள்தானே, ஸ்கோர் எழுதுங்கள்’ என்று ஒரு நோட்டைக் கையில் திணித்தார். பையன்களுக்கு நான் ‘காக்கு’, அதாவது சித்தப்பா. அவ்வளவுதான் நம் தகுதி.

அந்தப் பையன் ஆடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒல்லி. இடது கால். பந்து வந்ததும் ஒரு கணம் நிற்பான். எதிராளியும் நிற்பான். அதற்குள் இவன் போயிருப்பான். சுப்ரதோ கோப்பை என்று பள்ளிகளுக்கான போட்டி ஒன்று 1960 முதல் நடக்கிறது. சப்-டிவிஷன், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போனால் கடைசியில் டெல்லி. இந்த வருஷம் மாவட்டம் வரையாவது போவோம் என்று மாஸ்டர் நம்பியிருந்தார். கோடை விடுமுறையில் அவன் அப்பா கண் பார்வை மங்கி, பட்டறையை விட்டு வந்துவிட்டார். பத்தே நாளில் மாமா வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். யாரைக் குறை சொல்ல? அப்பா கண்ணுக்கு வைத்தியம் பார்க்கணும், கீழே ஒரு தங்கச்சி வேறு.

பள்ளி திறந்து முதல் நாள் பயிற்சிக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். மறுநாள் ஐந்து. வந்தவர்களும் பழக்க தோஷத்தில் பந்தை இடது ஓரத்துக்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஆள் இல்லை. பந்து போய்க் குளத்தில் விழும். யாரும் எடுக்கப் போகவில்லை. மாஸ்டர் கத்தினார். அதற்கும் பலன் இல்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மேட்ச் பற்றிய கவலை இரண்டாவதுதானாம். இங்கே ஒருத்தன் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். போனவன் புது மொபைலில் போட்டோ அனுப்புவான். இங்கே இருப்பவனுக்கு அல்ஜீப்ரா கசக்கும். மூன்றாம் நம்பர், அதான் லெஃப்ட் பேக், ஏற்கெனவே மாமாவின் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறானாம்.

அன்றைக்கு ராத்திரி ஸ்கோர் நோட்டைப் புரட்டினேன். ஆறு மேட்ச், 11 கோல், அதில் ஏழு பத்தாம் நம்பருடையது. இதைப் பார்த்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். வங்கியில் ஒரே ஆளுக்கு மொத்தக் கடனையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி. ஆனால் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. பற்று என்று ஒன்று இருந்தால் வரவு எங்கே என்று தேடுவான். ஒவ்வொரு கோலுக்கும் பந்து யாரிடமிருந்து வந்தது என்றும் கிறுக்கி வைத்திருந்தேன். ஏழில் ஐந்து மூன்றாம் நம்பரிடமிருந்து. மீதி இரண்டு ஆறாம் நம்பரின் த்ரோவிலிருந்து. ஊரே பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போனபோது, மூன்றை ஒரு பயலும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் உட்பட.

மறுநாள் மாஸ்டரிடம் சொல்லி எல்லாரையும் கூப்பிட்டோம். பயிற்சி இல்லை, முடி-சாப் மட்டும் (நம்ம ஊர்ப் பொரி மாதிரி, கடுகெண்ணெய் போட்டது, எனக்கு இன்னும் பழகவில்லை). முதலில் பேச விட்டோம். கோபம்தான் நிறைய வந்தது. ‘சொல்லாமல் போயிட்டான்’ என்று ஒருத்தன். ‘சொல்லியிருந்தா நீ விட்டிருப்பியா’ என்று இன்னொருத்தன். கோல் கீப்பர் ஓரமாகப் போய் அழுதுவிட்டு வந்தான். யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை. பத்தாம் நம்பர் ஜெர்சியை யாரும் போடக் கூடாது என்றார்கள் சிலர்.

வங்காளத்தில் கால்பந்துப் பேச்சு பிரேசில் பக்கம் போகாமல் முடியுமா? 2014 உலகக் கோப்பையை எடுத்தேன். காலிறுதியில் நெய்மாருக்கு முதுகெலும்பில் அடி. அரையிறுதிக்கு அவர் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி தேசிய கீதம் பாடினார்கள். அப்புறம் 29 நிமிஷத்துக்குள் ஜெர்மனி ஐந்து கோல், கடைசியில் 7-1. (தடுப்பாட்டத்தில் தியாகோ சில்வாவும் அன்று இல்லை என்று ஒரு பையன் திருத்தினான். சரிதான்.) 1962-இல் சிலியில் இதே பிரேசிலுக்கு இரண்டாவது மேட்சிலேயே பெலே காலி. அவர் இடத்தில் வந்த அமரில்டோ ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார், இறுதி ஆட்டத்திலும் ஒன்று. கரிஞ்சா மீதியைப் பார்த்துக்கொண்டார். கோப்பை பிரேசிலுக்கே.

பையன்களுக்கு 1962 எல்லாம் புராணக் கதை. அவர்களாகச் சொன்னது 2016 யூரோ இறுதி. 25-ஆம் நிமிஷம் ரொனால்டோ அழுதுகொண்டே வெளியே போக, 109-ஆம் நிமிஷம் எடர் கோல் அடித்து போர்ச்சுகல் ஜெயித்தது. ‘ரொனால்டோ கோட்டுக்கு வெளியே நின்னு கத்தினாரே காக்கு, நம்ம ஆளும் கத்தட்டுமே’ என்றான் ஆறாம் நம்பர். போன் போட்டார்கள். பட்டறையில் பகலில் போன் எடுக்க முடியாதாம். ராத்திரி ஒன்பதரைக்கு அவனே கூப்பிட்டான். பத்துப் பேர் ஒரு மொபைலைச் சுற்றி. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் தள்ளி நின்றுகொண்டேன்.

நோட்டை மூன்றாம் நம்பரிடம் மட்டும் தனியாகக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். ‘அஞ்சா?’ என்றான். மறுநாள் பயிற்சிக்கு வந்தான்.

அப்புறம் மாஸ்டர் செய்ததுதான் உண்மையான வேலை. புது ஸ்டார் யாரையும் அவர் அறிவிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரு வேகமான பொடியன் இருந்தான், அவனை இடது ஓரத்தில் போட்டிருக்கலாம். ‘இவன் தலையில அந்த மூட்டையை வைக்கிறதா?’ என்று மறுத்துவிட்டார். இரண்டு தொடுதலுக்கு மேல் பந்தை யாரும் வைத்திருக்கக் கூடாது என்று மூன்று வாரம் பயிற்சி. கார்னருக்கும் த்ரோவுக்கும் தனித்தனி ஏற்பாடு. மழைக்காலச் சேற்றில் இதெல்லாம் பார்க்கக் கண்ணராவியாக இருக்கும். ஆனால் பந்து குளத்தில் விழுவது குறைந்தது. பத்தாம் நம்பரை யார் போடுவது என்று சீட்டுப் போட்டார்கள். விழுந்தது ரிசர்வ் கோல் கீப்பருக்கு! கீப்பருக்குத் தனிச் சட்டை, அதனால் பத்து பெட்டியிலேயே தங்கிவிட்டது. பையன்களுக்கு நிம்மதி.

சப்-டிவிஷனில் முதல் மேட்ச் 1-0, ஆறாம் நம்பரின் த்ரோவிலிருந்து வந்த கோல். அடுத்தது 2-1. மூன்றாவதில் 1-1, பெனால்டியில் தோல்வி. மாவட்டம் போகவில்லை. வேனில் திரும்பும்போது எல்லாரும் உர்ரென்று இருந்தார்கள். ஆனால் யாரும் ‘அவன் இருந்திருந்தா’ என்று சொல்லவில்லை. நான் காது கொடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

மூன்றாம் நம்பர் இன்னும் ஊரில்தான் இருக்கிறான். பிப்ரவரியில் மாத்யமிக் பரீட்சை. அதுவரை போகமாட்டேன் என்று மாஸ்டருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். அதற்கப்புறம் என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பத்தாம் நம்பருக்கு ரவீந்திர திறந்தநிலைப் பள்ளி மூலம் பரீட்சை எழுத வழி இருக்கிறது. மாஸ்டரும் நானும் விசாரித்து, படிவம் வாங்கி அவன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். ‘எழுதுவானா தாதா?’ என்று கேட்டார். தன்தேரஸ் விற்பனை முடிகிறவரை பட்டறையில் லீவு கிடையாது. காளி பூஜைக்கு வரும்போது கையெழுத்துப் போடுவதாகப் போனில் சொன்னான். கூடவே, ‘காக்கு, லெஃப்ட்ல இப்ப யாரு ஆடறாங்க?’ என்றும் கேட்டான்.