கமாக்குராவில் ஒரு நினைவுக்கல்

கமாக்குராவைக் காணாது யப்பானிலிருந்து மீளலாகாது என்று எண்ணியிருந்தோம். ஆதலின் ஒருநாட் காலை தோக்கியோவிலே புகையிரதமேறி, ஒரு மணி நேரத்தில் அவ்வூரை அடைந்தோம். அங்கே, வீட்டு வேலிகளை உரசுவதுபோல் ஊர்ந்து செல்லும் சிறு வண்டிக்கு மாறி, ஹசே என்னுந் தரிப்பிடத்தில் இறங்கினோம். சிறிது தூரம் நடக்கவே கோத்தோக்கு-இன் ஆலயம் எதிர்ப்பட்டது.

ஆலயமென்றால் கூரையைத் தேடுவது எம் கண்களின் வழக்கம். இங்கோ பெருமான் திறந்த வானின்கீழ் வீற்றிருந்தார். 1252ஆம் ஆண்டிலே வார்க்கத் தொடங்கிய வெண்கல அமிதாப புத்தர். உயரம் 11 மீற்றருக்கு மேல். நிறை 121 தொன். ஒருகாலத்தில் மண்டபத்துள்ளே இருந்தவர். 1334இலும் 1369இலும் புயல் அதனை வீழ்த்திற்று. 15ஆம் நூற்றாண்டு முடியுமுன் மண்டபமே இல்லாது போயிற்று. பின்னர் எவரும் அதனைக் கட்டவில்லை. தூண்களைத் தாங்கிய கற்கள் மாத்திரம் முற்றத்திலே கிடக்கின்றன. பெருமானோ வெயிலையும் மழையையும் ஒன்றாகவே ஏற்று, விழி தாழ்த்தி அமர்ந்திருக்கின்றார்.

அவ்வளாகத்திலேயே ஒரு நினைவுக்கல்லைக் கண்டு எம் மூத்த மகள் நின்றாள். அதிலே இலங்கையர் ஒருவரின் பெயர்! 1951 செப்ரெம்பரில் சன்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டிலே, அந்நாளில் எம் நாட்டு நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, போரிலே தோற்ற யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என்றார். பகையாற் பகை தணியாது என்னும் புத்தர் போதனையை அதற்கு ஆதாரமாக்கினார். அந்நன்றியை மறவாத யப்பானியர் 1991இல் இக்கல்லை நாட்டினர்.

வாசித்து முடித்த மகள், "அப்பா, இவர் சனாதிபதியாயிருந்தபோதுதானே யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்தது?" என்று கேட்டாள்.

1981உம், அதன் பின்வந்த 1983 யூலையும் எம் நெஞ்சிலே எழுந்தன. "ஓம் பிள்ளை" என்றோம்.

"அப்படியானால் இந்தச் சொல் பொய்யா?"

எமக்கு விடை தோன்றவில்லை. எம் இல்லாளே விடையிறுத்தாள்: "சொன்னவர் நாட்டிலே அது நடக்கவில்லை. அதற்காகச் சொல் பொய்யாகாது பிள்ளை."

ஆலயச் சுவரிலே, ஓராள் நீளமுள்ள வைக்கோற் செருப்பிரண்டு தொங்கின. புத்தர் இவற்றை அணிந்து நாடெங்கும் நடந்து மக்களுக்கு மகிழ்ச்சி தரவேண்டுமென்று, அதே 1951இல், இபராக்கிப் பகுதிச் சிறுவர் முதன்முதலாகப் பின்னிக் காணிக்கையாக்கினராம். இளையவன் அருகே சென்று, அவை தேய்ந்திருக்கின்றனவா என்று உற்று நோக்கினான். சற்றும் தேயவில்லை. வெண்கலம் நடவாது, நடக்கவேண்டியவர் மனிதரே.

மாலை வண்டியிலே மகள் தன் குறிப்பேட்டைத் திறந்து, கல்லிலே கண்ட அச்சொல்லை எழுதினாள். அதன் கீழே 1951 என்றும், 1981 என்றும் குறித்தாள். நாம் தடுக்கவில்லை.