டாப்பர்

ஆகஸ்ட் 1, 2024

தங்கச்சி மகன் ராத்திரி ஷிப்டு முடிந்து மில் வண்டியில் வந்திறங்கினான். தலையெல்லாம் பஞ்சு. "ஏன் மாப்ளே இம்புட்டு அசதி?" என்றேன். "டாப்பர் ரெண்டு பேர் வரல மாமா. சைடர் நானே சேர்ந்து டாப் எடுத்தேன்" என்றான். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர் இவன்; பாபின்களில் நூல் நிறைந்ததும் மிஷினை நிறுத்தி, கதிர்களிலிருந்து அவற்றை உருவிவிட்டு வெறும் பாபினைச் செருகும் ஆள்தான் டாப்பர்.

சாயங்காலம் அகராதியைப் புரட்டினேன். டாப்பருக்கு மூலமான 'டாஃப்' பழைய இங்கிலீஷ். 'டூ', 'ஆஃப்' இரண்டும் ஒட்டிப் பிறந்தது. கழற்று என்று பொருள். ஷேக்ஸ்பியரின் ஜூலியட் வாயிலும் வருகிறது. சாமுவேல் ஜான்சனோ 1755ஆம் வருஷத்து அகராதியில், இது வழக்கொழிந்தது, நாட்டுப்புறத்தாரைத் தவிர யாரும் சொல்வதில்லை என்று தள்ளிவிட்டார். அந்த நாட்டுப்புறத்தார் பிள்ளைகள்தான் யார்க்ஷயர், லங்காஷயர் மில்களுக்கு வேலைக்குப் போனார்கள். ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் மில் ஆரம்பித்தார். அப்படி வந்த மில்களோடு அந்தச் சொல்லும் வந்து சேர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் 4

ஆடி அமாவாசை. மலைக்கோயிலுக்காகத் தாணிப்பாறைக்குப் போகும் வண்டிகளில் ஊரே நெரிகிறது. நான் வீட்டைவிட்டு நகரவில்லை. ஜோசப் ரைட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

1855இல் யார்க்ஷயரில் பிறந்தவர். ஆறு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார். ஏழு வயதில் சால்ட்டேர் மில்லில் சேர்ந்தார். என்ன வேலை? டாப்பர்! பதினைந்து வயதுவரை எழுத்து வாசிக்கத் தெரியாது. பிற்பாடு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். டோல்கீன் அவரிடம் படித்தவர். இங்கிலாந்தின் வட்டாரச் சொற்களை 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார்.

எழுத்தாளர் கி.ரா.வை நினைக்காமல் எப்படி இருக்க? இடைசெவல் சம்சாரி. பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லை. 1982இல் கரிசல் சொல்லகராதி கொண்டுவந்தார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரையும் பேராசிரியராக உட்காரவைத்தது. ரைட் வெறும் ஆக்ஸ்ஃபோர்டு ஆசாமியாக இருந்திருந்தால் பாதிச் சொல் அவர் காதில் விழுந்திருக்காது என்பது என் கட்சி. ஜான்சன் கேட்க மறந்ததை மில்லுக்குப் போன பையன் கேட்டான்.

ஆகஸ்ட் 5

நூல் நிறைந்த பாபின்களான 'காப்ஸ்' எடுத்தாச்சா என்று மாப்பிள்ளை போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தான். அதுவும் கிழட்டுச் சொல்தான்: உச்சி, தலை என்பது ஆதிப்பொருள். நூல் நம்பருக்கு அடிப்படையான 'ஹேங்க்' வடக்கத்திய நார்ஸ் மொழிக்காரர்கள் விட்டுப்போனது. ஒரு ஹேங்க் 840 கெஜம். ஒரு பவுண்டு எடைக்கு நாற்பது ஹேங்க் தேறினால் நாற்பதாம் நம்பர் நூல். கெஜமும் பவுண்டும் நம் கடைத்தெருவை விட்டுப் போயே போய்விட்டன. நூல் நம்பரில் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஆகஸ்ட் 7

ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர். மாப்பிள்ளை அங்கிருந்து கூட்டாளிகளோடு திரும்பினான். பேச்சு தேரில் தொடங்கி மில்லுக்கே போனது. புது மிஷின் வருகிறதாம். காப்ஸை அதுவே உருவி, பாபினையும் அதுவே மாட்டிவிடுமாம். பேர் 'ஆட்டோ டாப்பர்'.

"அப்போ டாப்பருங்க?"

"கோன் வைண்டிங்குக்கு மாத்துவாங்க, இல்ல நிறுத்துவாங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல மாமா."

சம்பளம் குறையுமா என்று அவன் கூட்டாளி கேட்டான். அதற்கு மேல் நான் அகராதிப் பேச்சை எடுக்கவில்லை.