அம்ப்ளிபயரில் ஒரு கோளாறும் இருக்கவில்லை



கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோரும் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம்.

இல்ல விளையாட்டுப் போட்டிக்கு மூன்று நாட்கள்தான் இருந்தன. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் மைக்கைப் போட்டால் சத்தமே இல்லை. அம்ப்ளிபயரில் சிவப்பு லைட் எரிகிறது. தட்டினோம், ஊதினோம், இருக்கிற குமிழ் எல்லாவற்றையும் திருகினோம். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் பாடசாலையில் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு தரம் 10 மாணவன் ஒருவன். முதல் வாரம் கடைசியாக எடுத்து வைத்ததும் அவன்தான். "எதையாவது நோண்டினாயா?" என்று முழுப் பாடசாலைக்கும் முன்னால் கேட்டோம். "இல்ல சேர்" என்றான். பிறகு மெதுவாக, "வயர மாத்திப் பார்ப்பமா சேர்?" என்றான். "நீ செய்தது போதும்" என்று சொல்லி அவனிடமிருந்த அறைச் சாவியை வாங்கிக்கொண்டோம். கத்தியது எங்களில் ஒருவர். மற்றவர்கள் பேசாமல் நின்றோம். இரண்டும் ஒன்றுதான்.

பாடசாலை விட்டதும் பெட்டியையும் மைக்கையும் ஆட்டோவில் ஏற்றி, டவுனில் ரேடியோ திருத்தும் நானாவிடம் போனோம். அவர் திருப்புளியைத் தொடவே இல்லை. "லைட் எரியுதுதானே? அப்ப கரண்ட் வருது, பியூஸ் நல்லம்" என்றார். மைக் இல்லாமல் தன்னுடைய ஸ்பீக்கர் ஒன்றைப் பூட்டி வொலியூமைக் கூட்டினார். 'உஸ்' என்று மெல்லிய இரைச்சல் வந்தது. எங்கள் மைக்கைச் செருகி "ஹலோ" என்றார். கடை அதிர்ந்தது.

"பெட்டியும் நல்லம், மைக்கும் நல்லம். மிச்சம் என்ன இருக்கு? ஸ்பீக்கரும் அதுக்குப் போற வயரும்தான். அங்க போய்த் தேடுங்க சேர்."

காசும் எடுக்கவில்லை. வரும் வழியில் ஆட்டோவில் யாரும் பேசவில்லை. காலையில் அந்தப் பிள்ளை சொன்னதும் அதுதானே.

செவ்வாய்க்கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. அஸருக்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போனோம். அவனுடைய உம்மா பிளேன்டீ ஊற்றித் தந்து, "மகனுக்குத் தலையிடியாம் சேர்" என்றார். நடந்ததை வீட்டில் அவன் சொல்லவே இல்லை. நாங்கள் வாய் திறப்பதற்கு முன்னமே, "வயர்தானே சேர்?" என்று கேட்டான்.

அப்படியே அவனையும் கூட்டிக்கொண்டு பாடசாலைக்குப் போனோம். விஞ்ஞான கூடத்து மல்டிமீட்டரை எடுத்தான். அம்ப்ளிபயரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தான். முள் அசையவில்லை, வயர் எங்கோ அறுந்திருக்கிறது. சுவரோரமாக வயரைக் கையால் தடவிக்கொண்டே போனவன் இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றான். அலுமாரியின் கால் வயருக்கு மேலே ஏறியிருந்தது.

அந்த அலுமாரியை வெள்ளிக்கிழமை இழுத்து வைத்தது நாங்கள். பரீட்சைத் தாள்கள் அடுக்குவதற்காக.

நசுங்கிய இடத்தை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றினான். பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

பள்ளிவாசலிலும் முன்பள்ளியிலும் இதே பெட்டிதான் இருக்கிறது என்பதால் தெரிந்துகொண்டதைச் சொல்லி வைக்கிறோம். கிற்றார் அம்ப்ளிபயருக்கும் வழி இதுதான்.

லைட் எரியாவிட்டால் முதலில் சொக்கட்டில் வேறு ஏதாவது பூட்டிப் பாருங்கள். சதுரக்கால் பிளக்குக்கு உள்ளேயும் ஒரு பியூஸ் இருக்கும், பெட்டியின் பின்னாலும் ஒன்று இருக்கும். அதே அம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். ஈயத்தாள் சுற்றிப் போட்டால் பெட்டியே எரியலாம்.

லைட் எரிந்தால், மைக்கைக் கழற்றிவிட்டு வொலியூமைக் கூட்டுங்கள். ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் கோளாறு அனேகமாக மைக் பக்கம்: சுவிட்ச், பற்றரி, மைக் வயர். இரைச்சலும் இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பக்கம் அல்லது பெட்டிக்கு உள்ளே. வேலை செய்கிறது என்று தெரிந்த பொருளை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். ஸ்பீக்கர் வயரைத் தொடும்போது பெட்டி நிறுத்தியிருக்க வேண்டும். பெட்டியின் மூடியை மட்டும் நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தேங்கி நிற்கும்.

கலாசாலையில் படிக்கும்போது, பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி எடுத்தவர்கள் நாங்கள். திங்கட்கிழமை காலை அதில் ஒரு வரி கூட நினைவுக்கு வரவில்லை. பெட்டிக்கு வெளியே தேடியிருக்க வேண்டிய கோளாறை ஒரு பிள்ளைக்குள் தேடினோம்.

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் அதே மைக்கில் அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். எல்லோருக்கும் முன்னால் பறித்த சாவியை எல்லோருக்கும் முன்னால்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோம். அவன் தலையைக் குனிந்தபடி வாங்கி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு எங்களைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்:

"சேர், மைக்கக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. இரையுது."

தள்ளிப் பிடித்தோம்.