பலரிடமிருந்து ஒரே நாடாவில்



நம்முடைய நினைவுகளில் எவ்வளவு பெரும் பங்கைக் கணினிகளிடம் ஒப்படைத்துவிட்டோம் என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளைகளின் புகைப்படங்கள், வரவுசெலவுக் கணக்குகள், சபையின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் யாவும் இன்று வன்தட்டுகளில் இருக்கின்றன. ஒரு தட்டு பழுதாவதற்கு ஒரு நொடி போதும். ஆகவே நகலெடுத்து வைப்பது உக்கிராணத்துவத்தின் ஒரு பகுதியே. கணினிகள் பல உள்ள நிறுவனங்கள் அந்நகல்களை இன்றும் காந்த நாடாவில் பதித்து வைக்கின்றன. அந்த வேலை நடைபெறும் விதத்தைக் குறித்தே இந்த வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நாடா பழங்காலப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தலைமுறை எல்டிஓ நாடாவில் 100 ஜிகாபைட் கொள்ளும். ஒன்பதாம் தலைமுறை நாடா, கையில் அடங்கும் ஒரு பேழைக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமாய்ச் சுற்றப்பட்டு, 18 டெராபைட்டைத் தாங்குகிறது. அதன் இயக்கி வினாடிக்கு 400 மெகாபைட் வரை எழுத வல்லது.

ஆனால் அந்த வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. தரவு இடையறாது வந்துகொண்டிருந்தால்தான் நாடா சீராக ஓடும். வரத்து மிகவும் குறைந்தால் இயக்கி நின்று, சற்றுப் பின்னால் சுற்றி, மீண்டும் புறப்பட வேண்டும். காலணியைத் துணியால் முன்னும் பின்னும் தேய்ப்பதைப் போன்ற இந்த அலைச்சலைத் தொழில்நுட்பர்கள் 'ஷூ ஷைனிங்' என்றே அழைக்கிறார்கள். நேரமும் வீணாகும், நாடாவும் தேயும். ஒரு கிகாபிட் வலையமைப்பில் இணைந்த கணினி எவ்வளவு முயன்றாலும் வினாடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் அனுப்ப இயலாது. தனியொரு கணினியால் இயக்கியின் முழு வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. பல கணினிகள் ஒரே வேளையில் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பல கணினிகளின் தரவைத் துண்டு துண்டாகப் பின்னி, ஒரே ஓட்டமாக நாடாவில் எழுதுவது முதல் வழி. எல்லாவற்றையும் முதலில் ஓர் இடைத்தட்டில் சேர்த்துக்கொண்டு, பின்பு ஒவ்வொன்றாக முழு வேகத்தில் நாடாவுக்கு மாற்றுவது இரண்டாம் வழி. 1990-களின் தொடக்கத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவான 'அமாண்டா' மென்பொருள் இந்த இரண்டாம் வழியைக் கையாண்டது. மெதுவான கணினி மெதுவாகவே கொடுக்கலாம். அதற்காக நாடா காத்துக்கிடக்க வேண்டியதில்லை.

இவற்றுள் எது நல்லது? சேர்த்துவைக்கும் நாளில் இதற்கு விடை தெரியாது. திரும்பக் கேட்கும் நாளில்தான் தெரியும். ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டி என் மேசைக்கு முன்பாக உங்களில் எத்தனையோ பேர் நின்றிருக்கிறீர்கள். பதிவேடு முழுவதையும் எவரும் கேட்டதில்லை. ஒரு பெயரையும் ஒரு தேதியையும்தான் கேட்டீர்கள். பின்னி எழுதப்பட்ட நாடாவில் ஒரு கணினியின் தரவை மீட்க, மற்றக் கணினிகளின் துண்டுகளையும் கடந்து செல்ல வேண்டும். எழுதும்போது மிச்சப்பட்ட நேரம் மீட்கும்போது செலவாகிவிடுகிறது. இடைத்தட்டு வழியாக வந்தவையோ தனித்தனியே தொடர்ச்சியாகக் கிடக்கும். அதற்குரிய விலை, கூடுதலாக ஒரு தட்டு.

2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையொன்றினால் ஜிமெயில் பயனாளர்களில் ஒரு சிறு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்துபோயின. கூகுள் பல தரவு மையங்களில் பிரதிகளை வைத்திருந்தும், அப்பிழை அவற்றில் பலவற்றையும் பாதித்தது. வலையமைப்போடு இணைக்கப்படாமல் தனியே இருந்த நாடாக்களை அப்பிழை தொடவில்லை. அவற்றிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ நகல்கள் இருக்குமானால், இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஏதேனும் ஒரு கோப்பைத் தெரிந்துகொண்டு, அந்த நகலிலிருந்து அதை மீட்டு, திறந்து, வாசித்துப் பாருங்கள். ஒரு நகல் கணினியோடு இணைக்கப்படாமல் வேறிடத்தில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்ததை அவர் கேட்கும் நாளில் திரும்பக் கொடுக்கும்போதுதான் நம் காவல் நிறைவுபெறும்.