ஒக்கலும் உப்புமூட்டையும்

புணேயில் வாழும் அந்த இணையரின் பெண் குழந்தைக்கு 18 மாதம். எடை 10 கிலோ 400 கிராம். இந்த எடையை இதுவரை யார் எவ்வளவு நேரம் சுமந்தார்கள் என்பதற்கு எழுதப்பட்ட கணக்கு எதுவுமில்லை. ஆனால் தாயின் இடப்பக்க இடுப்பு அதை நன்கு அறியும். அறுவைப் பேற்றுக்குப் பின் தொடங்கிய கீழ்முதுகு வலி ஓராண்டு கடந்தும் விடவில்லை. இயன்முறை மருத்துவர் அவளை நேராக நிற்கச் சொல்லிப் பார்த்தார். குழந்தை கையில் இல்லாதபோதும் அவள் இடுப்பு இடப்புறம் ஒடிந்தே நின்றது. ஒரே பக்கத்தில் தூக்குவதை நிறுத்தச் சொன்னார். யார் தூக்குவது என்பதை அவர் சொல்லவில்லை. அது அவர் துறையன்று.

ஆகவே குழந்தையைச் சுமக்கும் கேரியர் ஒன்று வாங்குவதென்று முடிவாயிற்று. செய்தி திருநெல்வேலிக்குப் போனதும் அத்தை தொலைபேசியில், “கேரியரா? இங்க மூணு சும்மாதான கெடக்கு, கொடுத்து விடட்டா?” என்றார். தமிழ்க் காதுக்குக் கேரியர் என்றால் ஒன்று சோறு போகும் அடுக்கு, இல்லையேல் சைக்கிளின் பின்னிருக்கை. விளக்கிச் சொன்ன பிறகு, “பிள்ளைய ஒக்கல்ல வச்சுக்கிட்டாப் பத்தாதாம்மா? நாலையும் நான் அப்படித்தான வளத்தேன்” என்றார். குத்திக்காட்டும் குரலன்று அது. மெய்யாகவே விளங்காமல் கேட்ட கேள்வி.

ஒக்கல் என்ற சொல்லிடம் சற்று நிற்க வேண்டும். தென்மாவட்டத்துப் பேச்சில் ஒக்கல் என்பது இடுப்பின் பக்கவாட்டு. குழந்தை அமரும் இடம். அங்கே குழந்தையோ குடமோ இருக்க, மற்றொரு கை அடுப்பையும் கதவையும் பார்த்துக்கொள்ளும். ஆண்களுக்கு ஒக்கல் இல்லை. உடலில் உண்டு, பேச்சில் இல்லை. ஓர் ஆண் பிள்ளையை ஒக்கலில் வைத்துக்கொண்டு வந்தார் என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். தந்தைக்கு மொழி ஒதுக்கியிருப்பவை தோளும் முதுகும். தோளில் ஏற்றித் தேர் காட்டுவார். முதுகில் ஏற்றி உப்புமூட்டை சுமப்பார். தேர் நிலைக்கு வந்ததும் தோள் காலியாகும்; முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றியதும் மூட்டை இறங்கும். ஒக்கலுக்கு அப்படி முடியும் வேளை கிடையாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு கேரியர் இருந்தது. குழந்தை பிறந்தபோது நண்பர்கள் சேர்ந்து வாங்கித் தந்தது, கைக்குழந்தைக்கானது. முதல் நாளே அதன் பட்டைகள் தாயின் அளவுக்கு இழுத்து இறுக்கப்பட்டன. கணவர் ஒருமுறை மாட்டிப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறதே என்று கழற்றி வைத்தார். பட்டை என்பது தளர்த்தவும் கூடியது என்பது அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் சோம்பேறி அல்லர். நள்ளிரவில் எழுந்து பால் காய்ச்சியவர், துணி துவைத்தவர். ஆயினும் ஒருவர் உடலுக்கு அளவெடுத்து வைத்த பொருள் வீட்டுக்குள் கிடந்தால் வேலையும் அவர் பெயருக்கே எழுதப்பட்டுவிடுகிறது. சனிவார் வாடா, பாதாளேசுவரர் குகைக்கோயில், ராஜா கேல்கர் அருங்காட்சியகம் எனப் போன இடமெல்லாம் புகைப்படம் எடுத்தவர் அவர், படத்தில் சாய்ந்து நின்றவள் அவள். தள்ளுவண்டியும் உண்டு. ஆனால் பர்வதி குன்றுக்கு 103 படிகள். நகரின் நடைபாதையோ பத்தடிக்கு ஒருமுறை மரத்துக்கோ மின்பெட்டிக்கோ இரு சக்கர வண்டிக்கோ இடம் விட்டு முடிந்துவிடும். மடக்கிய வண்டியை ஒருவர் தூக்க, குழந்தையை மற்றவர் தூக்க, சுமை இரட்டித்ததுதான் மிச்சம்.

அவள் ஆய்வு மாணவி. எதை வாங்குவதானாலும் முதலில் கட்டுரைகளைத் தேடுவது அவள் இயல்பு. உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பது ஏட்டுக் கணக்கு. மூன்று மாதங்களாக அது கணக்கில் ஏறவில்லை என்பதால் தேடல் கூடுதல் கவனத்துடன் நடந்தது. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை கைக்குழந்தையைப் பற்றியவை. 1986இல் ஹன்சிக்கர், பார் ஆகிய இருவரும் கனடாவில் 99 தாய்–சேய் இணைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு புகழ்பெற்றது. நாள்தோறும் கூடுதலாகத் தூக்கி வைக்கப்பட்ட சிசுக்கள், ஆறு வார வயதில், மற்றவற்றைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன என்றது அது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதே முடிவை எட்டவில்லை. எப்படியாயினும், ஆறு வாரச் சிசுவின் அழுகையைக் கொண்டு, செருப்பைத் தானே மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடும் 18 மாதக் குழந்தைக்கு வழி சொல்ல இயலாது.

இன்னொரு செய்தி அவளைச் சிரிக்க வைத்தது. இன்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் மேற்கத்திய மென்துணிக் கேரியர்களின் முன்னோடிகளில் ஒன்று 1960களில் அமெரிக்காவில் உருவான ஸ்னக்லி. அதை உருவாக்கிய ஆன் மூர் ஒரு செவிலியர். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றியபோது தாய்மார்கள் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு வேலை செய்வதைக் கண்டவர். ஊர் திரும்பித் தம் குழந்தைக்கு அவ்வாறே கட்ட முயன்று, துணி நழுவவே, தம் தாயைக் கொண்டு தோள்பட்டையுடன் தைக்கச் செய்தார். 1969இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. ஒரு துணியும் ஒரு முடிச்சுமாக இருந்தது, பக்கிளும் விலைச்சீட்டும் பெற்றுப் பாதி உலகைச் சுற்றி லட்சுமி சாலைக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நடக்கத் தெரிந்த குழந்தைக்கான கேரியரில் பார்க்க வேண்டியது என்ன? எடை வரம்பைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். அது தேவைதான்; ஆனால் முதன்மையானதன்று. இந்த வயதுக் குழந்தை சுமக்கப்பட விரும்புவதில்லை. ஏற விரும்புகிறது, ஏறியதும் இறங்க விரும்புகிறது. நாயைக் கண்டால் இறங்க வேண்டும், நாய் திரும்பிப் பார்த்தால் ஏற வேண்டும். ஒரு மணி நேர வெளியேற்றத்தில் பத்துப் பன்னிரண்டு முறை இது நடக்கும். அலுமினியச் சட்டகம் கொண்ட மலையேற்றக் கேரியர் பார்வைக்கு மிடுக்கானது, வெயில் மறைப்பும் உண்டு. ஆனால் சட்டகம் மட்டுமே 3 கிலோவை ஒட்டி வரும், ஒவ்வொரு முறையும் தரையில் நிறுத்திக் குழந்தையை உள்ளே இறக்கிப் பட்டை பூட்ட வேண்டும். ரிங் ஸ்லிங் என்பது இரு வளையங்களில் கோத்த நீளத் துணி. நொடியில் ஏற்றி நொடியில் இறக்கலாம், ஆனால் முழு எடையும் ஒரே தோளில். அவளுக்கு வேண்டாதது அதுவே. இடுப்பில் கட்டும் ஹிப் சீட்டில் நுரைமெத்தைப் பலகை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். ஏறி இறங்க எளிது, ஆயினும் குழந்தை தூங்கிவிட்டால் ஒரு கை அதற்கே போய்விடும். இடுப்புப்பட்டையும் இரு தோள்பட்டையும் கொண்ட மென்துணிக் கேரியர் முதுகிலும் கட்டக்கூடியது. பெரும் பங்கு எடையை இடுப்பெலும்பு வாங்கிக்கொள்ளும்.

இருக்கையின் அகலமும் முக்கியம். துணி ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை தாங்க வேண்டும். முழங்கால்கள் புட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, கால்கள் தவளையைப் போல் விரிந்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதங்களில் இடுப்பு மூட்டின் கிண்ணம் குருத்தெலும்பாகவே இருப்பதால் அப்போது இது மருத்துவத் தேவை. நடக்கும் வயதில் இது பெரும்பாலும் சுகம் பற்றியது; தொடை தாங்கப்படாமல் கால் தொங்கினால் அரை மணியில் மரத்துப்போய்க் குழந்தை சிணுங்கும். ஒக்கலில் அமரும் குழந்தை எவரும் சொல்லித்தராமலே இப்படித்தான் அமர்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தையின் நாலு பிள்ளைகளின் இடுப்பு மூட்டுக்கும் குறையில்லை. அத்தையின் இடுப்பைப் பற்றித்தான் எவரும் கேட்டதில்லை.

கடையில் விற்பனையாளர் இளைஞர், மரியாதையானவர். “வஹினி, இப்படித் திரும்புங்கள்” என்று அவள் பின்னால் போய்ப் பட்டையை இழுக்கத் தொடங்கினார். எனக்கில்லை, அவருக்குப் போடுங்கள் என்று கணவரைக் காட்டினாள். இளைஞர் சிரித்தார். வேடிக்கை என்று எண்ணியிருக்க வேண்டும். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு பட்டைகளை முழு நீளத்துக்கும் தளர்த்தினார். கணவரின் இடுப்பு 40 அங்குலம். முதல் இரண்டும் பூட்டவே இல்லை. மூன்றாவது பூட்டியது. பொம்மையை வைத்துக் காட்ட முனைந்தவரிடம் அவள் குழந்தையையே நீட்டினாள். குழந்தை கடை அதிர அழுதது. பிறகு தந்தையின் காது முன்னால் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு அமைதியாயிற்று. பருத்தித் துணி, 2,300 ரூபாய். கடைக்குள்ளேயே இருபது நிமிடம் நடந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார்கள். இணையத்தில் வாங்குபவர்களுக்கு இந்த இருபது நிமிடம் வாய்ப்பதில்லை.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, சிம்மகட் கோட்டைக்குப் புறப்பட்டார்கள். புணேயிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வண்டிப் பாதை மேலே வரை உண்டு. கருவுற்ற காலத்திலிருந்து அவள் மலையேறவில்லை என்பதால் ஆதகர்வாடியிலிருந்து நடந்தே ஏறுவதென்று முடிவு. அவளுடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரும் வந்தார். ஜார்க்கண்டின் குந்தி பக்கத்துக்காரர், முண்டா இனத்தவர்.

கால் மணி நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு மோர் விற்கும் பாட்டியைக் கண்டதும் குழந்தை இறங்க வேண்டுமென்றது. இறக்கி, மீண்டும் முதுகில் ஏற்றிப் பூட்ட இருவர் வேண்டியிருந்தது. அடுத்து ஒரு குரங்கு. அடுத்து ஒரு கல், வெறும் கல். நான்காம் முறை கணவரின் முகம் மாறியது. தாயின் கைகள் தம்மையறியாமல் நீண்டன. அப்போது நண்பர் தம் பையிலிருந்து சிவப்புக் கரையிட்ட வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்தார். முன்னால் குனிந்து, குழந்தையை முதுகில் படுக்கவைக்கச் சொன்னார். துணியை அதன்மேல் விரித்தார். ஒரு முனை தோளுக்கு மேல், மறுமுனை எதிர்ப்பக்க அக்குளுக்குக் கீழ், மார்பில் ஒரு முடிச்சு. முதல் முறை என்பதால் தாய் பின்னால் கைவைத்து நின்றாள். அவர் நிமிர்ந்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். குழந்தை துணிக்குள் தானாகவே இடம் கண்டு அமர்ந்தது. எண்ணிப் பத்து நொடி.

அவர் ஊரில் இதற்குப் பேத்ரா என்று பெயர். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொள்வான், தகப்பன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவான், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றார். தாம் எட்டு வயதில் தங்கையைச் சுமந்ததாகவும், அவள் தூங்கிய பிறகுதான் கோலி விளையாட முடிந்ததாகவும் சொன்னார். பேச்சு ஜான்சி ராணியிடம் போயிற்று. நாடெங்கும் சிலைகளில் ராணியின் முதுகில் கைக்குழந்தை போன்ற ஒரு சிறுவன் கட்டப்பட்டிருப்பான். தாமோதர் ராவை 1853இல் தத்தெடுத்தபோதே அவனுக்கு வயது ஐந்தை ஒட்டியிருந்தது. 1858 ஏப்ரலில் ராணி கோட்டையை விட்டு வெளியேறியபோது எட்டு ஒன்பது வயதுப் பையன். சிற்பிகள் அவனைச் சிறிதாக்கிவிட்டார்கள், இல்லையேல் குதிரைக்கே தாங்காது என்று கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

மேலே பிட்லாவும் பாக்கரியும் மண்சட்டித் தயிரும் உண்ட பின் கணவர் துணியைக் கேட்டு வாங்கினார். முதல் முடிச்சு இடுப்புக்குச் சரிந்தது. இரண்டாவது நின்றது. கோட்டைக்குள் திரிந்த ஒரு மணி நேரமும் ஏற்றமும் இறக்கமும் துணியிலேயே நடந்தன. மலையிறங்கும்போது மட்டும் கேரியர். சரிவில் புதிதாய்க் கற்ற முடிச்சை நம்பக்கூடாது. முன்னால் குழந்தை இருந்தால் பாதம் வைக்கும் இடமும் தெரியாது என்பதால் முதுகில்தான். பாதி வழியில் குழந்தை தூங்கிவிட்டது. தாய் முன்னால் நடந்தாள். வெறுங்கையோடு இறங்க அவளுக்குச் சற்றுக் கூச்சமாயிருந்தது. எதிரே ஏறிவந்த இரண்டு பெண்கள் கணவரையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு திருப்பத்தில் நின்று கீழே அணைநீரைப் பார்த்தபோதுதான் தன் இடுப்பு இன்னும் இடப்புறம் ஒடிந்தே நிற்பதைக் கண்டாள். நேராக்கிக்கொண்டாள். அடுத்த திருப்பத்தில் மீண்டும் நேராக்க வேண்டியிருந்தது.

படம் அன்றிரவே குடும்பக் குழுவுக்குப் போயிற்று. அத்தையின் குரல்பதிவு உடனே வந்தது: “ஏல, மூட்டையா கட்டிட்டு அலையுதியே, முதுகு என்னத்துக்கு ஆவும்?” அவள் அதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியைக் கணவரிடம் நீட்டினாள். அவர் சுவரில் சாய்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். “வலிக்குதும்மா. இவளுக்கு ஒன்னரை வருசமா வலிக்கி” என்று பதிந்து அனுப்பினார். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, மறுமொழி வரவில்லை. மறுநாள் காலை அத்தை மருமகளை நேரே அழைத்து, அந்தத் துணி எத்தனை முழம் இருக்கும் என்று கேட்டார்.