உங்களிடமே விடுகிறேன்

ஜப்பானிய மொழியில் ‘ஒமகாசே’ என்றொரு சொல் இருக்கிறது. ‘உங்களிடமே விட்டுவிடுகிறேன்’ என்பது அதன் பொருள். பூக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும்கூட இச்சொல்லைச் சொல்லலாம். ஆயினும் இன்று அது உலகெங்கும் சுஷிக் கடையின் சொல்லாகவே அறியப்பட்டிருக்கிறது. அங்கே உணவுப் பட்டியல் கிடையாது. நீண்டதொரு மரப்பலகை. அதன் இந்தப் பக்கம் எட்டோ பத்தோ இருக்கைகள். அந்தப் பக்கம் கத்தியோடு ஒரு மனிதர். அன்று சந்தையில் எது நன்றாக இருந்ததோ அதை அவர் வாங்கி வந்திருப்பார். எதை முதலில் தருவது, எதை இறுதியில் தருவது என்பதெல்லாம் அவருடைய தீர்மானம். வந்தவரின் வேலை, வைத்ததை வைத்தவுடன் எடுத்து உண்பது மட்டுமே.

பழைய வாகன வியாபாரத்துக்காக ஜப்பான் வந்த இலங்கையரில் நானும் ஒருவன். 1996இல் வந்தேன். டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில் வீடு. வெலிகமையில் எங்கள் நிக்காஹ் நடந்தது 1999 ஜனவரி இறுதியில், அந்த வருடத்து நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு. முதல் எட்டு வருடங்கள் மனைவி அங்கும் நான் இங்குமாகக் கழிந்தன. 2007இல் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து “இன்டக்கி என்ன ஆக்கிய?” என்ற கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. யாருக்கு உறைப்புக் கூடாது, யார் எதைத் தட்டில் ஒதுக்கி வைப்பார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். 2024 ஜனவரியில் இருபத்தைந்து வருடம் நிறைவுற்றபோது எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரே ஓர் இரவுக்காவது அவருக்காக வேறொருவர் யோசிக்கட்டும். அவர் எதையும் தீர்மானிக்காமல் உட்கார்ந்து சாப்பிடட்டும். அதற்கு ஒமகாசேயைவிடப் பொருத்தமான இடம் இந்த நாட்டில் இல்லை என்று எனக்குப் பட்டது.

மகளிடம் சொன்னபோது அவளுக்கும் சந்தோஷம். மனைவிதான் உடனே சம்மதிக்கவில்லை.

அவருடைய தயக்கத்தை விளங்கிக்கொள்வதற்குச் சுஷியைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். சுஷி என்றால் பச்சை மீன் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் மூலம் பச்சை மீனல்ல, புளிக்கவைத்த மீன். உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். சோறு புளித்து மீனைக் காக்கும். பின்னர் மீனை எடுத்துக்கொண்டு சோற்றை வீசிவிடுவார்கள். பிவா ஏரிக்கரையில் இன்றும் அவ்வகைச் சுஷி செய்கிறார்கள். பிற்காலத்தில், காத்திருக்கப் பொறுமையில்லாத மக்கள் சோற்றில் வினாகிரியை ஊற்றி அந்தப் புளிப்பை உடனடியாக வரவழைத்தார்கள். இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1820களில் அங்கே கையால் பிடித்த சோற்றின்மேல் மீனை வைத்துக் கொடுக்கும் முறையைப் பரப்பியவராக ஹனாயா யோஹேய் என்பவரைச் சொல்கிறார்கள். அது தெருக்கடைச் சாப்பாடு. வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே இரண்டைத் தின்றுவிட்டுப் போவார்கள்.

ஐஸ் இல்லாத காலம் அது. ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பக்குவம் தேவைப்பட்டது. ஒன்றை உப்பிட்டு வினாகிரியில் தோய்த்தார்கள். ஒன்றைச் சோயா சோஸில் ஊறவைத்தார்கள். இன்னொன்றை வேகவைத்தார்கள். இந்தப் பக்குவத்தைச் சுஷிக்காரர்கள் இன்றும் ‘வேலை’ என்றே குறிப்பிடுகிறார்கள். மீன் சந்தையில் எவருக்கும் கிடைக்கும். ஒரு கடையை இன்னொரு கடையிலிருந்து பிரிப்பது சோறும் இந்த ‘வேலை’யும்தான்.

நமது சங்கடம் தொடங்குவதும் அங்கேதான். மீன் ஹலால். ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமக்குக் கணவாய், மட்டி, இறால் எதிலும் தடையில்லை. என் பாகிஸ்தானிய நண்பருக்கு அவ்வளவு தாராளம் இல்லை. ஹனபி மத்ஹபில் மீன் அல்லாத கடலுயிர்கள் ஆகா, இறாலில் மட்டும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் மீனின்மேல் தூரிகையால் பூசப்படும் சோயா சோஸில் பெரும்பாலும் சேக்கே என்னும் அரிசி மதுவும், மிரின் என்னும் இனிப்பு மதுவும் கலந்திருக்கும். மிரினில் மதுசாரம் ஏறத்தாழ 14 வீதம். காய்ச்சி மதுசாரத்தைப் போக்கிவிடுகிறோம் என்பார்கள். கடல் விலாங்கு வேகுவதே சேக்கே கலந்த நீரில்தான். இறுதியில் கேக் போல வரும் முட்டையிலும் மிரின் சேரும்.

சோற்றிலுள்ள வினாகிரி அடுத்த கேள்வி. 1804இல் ஹண்டா என்ற ஊரில் மது வடித்துவந்த நக்கானோ மத்தாசாயெமோன், வீணாகிப்போகும் மதுச்சக்கையிலிருந்து வினாகிரி செய்தார். எடோவின் சுஷியை வளர்த்தது அந்தச் செந்நிற வினாகிரிதான். இன்று பெரிய கடைகள் சில அதையே பெருமையாகப் பயன்படுத்துகின்றன. மது தானாகவே வினாகிரியாக மாறினால் ஆகும் என்பதில் மத்ஹபுகளிடையே பிணக்கில்லை. ஏதேனும் ஒன்றை இட்டு மாற்றினால் ஷாபிஈ மத்ஹபில் ஆகாது, ஹனபியில் ஆகும். நான் ஆலிம் அல்ல, இது பத்வாவும் அல்ல. ஒரு கவளம் சோற்றுக்குள் எத்தனை கேள்விகள் உறங்குகின்றன என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

“கண்ண மூடிக்கொண்டு சாப்புட எனக்கு ஏலா” என்றார் மனைவி. “அங்க போய் ஒவ்வொண்டுக்கும் கேள்வி கேக்கவும் ஏலா. அந்த மனிசன் கையில வெச்சிக்கொண்டு நிப்பாரு, பாவம். செல்லியத்த எல்லாம் முந்தியே செல்லிப் போடுங்க. அதுக்குப் பொறகு நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

இது ஒமகாசேக்கு முரணான பேச்சு என்றுதான் முதலில் தோன்றியது. விட்டுவிடுகிறேன் என்றால் விட்டுவிட வேண்டாமா? பிறகு எங்கள் ஊர் விருந்துகளை நினைத்துப் பார்த்தேன். சஹனைச் சுற்றி உட்காரும்போது நாமும் பட்டியல் கேட்பதில்லை. நெய்ச்சோறு வரும், இறைச்சி வரும், வந்ததைச் சாப்பிடுகிறோம். ஆனால் விருந்து தருபவர் யார் என்று தெரியும். இறைச்சி யார் அறுத்தது என்று தெரியும். அங்கே கேள்வி இல்லாமல் இருப்பதற்குக் காரணம், எல்லாக் கேள்விகளுக்கும் முன்பே பதில் கிடைத்துவிட்டதுதான். அமானிதம் என்று நாம் சொல்வதும் அப்படித்தானே. கொடுக்கும் பொருள் இன்னது என்று சொல்லாமல் ஒருவர் கையில் திணித்துவிட்டு, அவர் அதைப் பேணவில்லை என்று குறை சொல்ல முடியாது.

கடை தேடத் தொடங்கினோம். வழமையாக ஆட்கள் நட்சத்திரத்தைப் பார்த்துத் தேடுவார்கள். மிஷலின் வழிகாட்டி டோக்கியோவுக்கென முதன்முதலில் வெளிவந்தது 2007இல். கின்சாவின் நிலக்கீழ்த் தளத்திலுள்ள சுக்கியபாஷி ஜிரோவுக்கு மூன்று நட்சத்திரங்கள் கிடைத்தன. பத்தே இருக்கைகள். அதன் உரிமையாளர் ஜிரோ ஓனோ 1925இல் பிறந்தவர். 2011இல் அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. 2014 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவைப் பிரதமர் அபே அங்கேதான் அழைத்துச் சென்றார். பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய முடியாத கடை என்பதால் 2019இல் வழிகாட்டி அதைத் தன் பட்டியலிலிருந்து விலக்கியது. சுவை குறைந்ததால் அல்ல, கதவு திறக்காததால். எங்களைப் போன்றவர்களுக்கு நட்சத்திரத்தைவிடக் கதவுதான் முக்கியம்.

மகள் ஜப்பானிய மொழியில் ஒரு சிறு கடிதம் எழுதினாள். நாங்கள் முஸ்லிம்கள். மிரினும் சேக்கேயும் சேர்ந்தவற்றைச் சாப்பிடுவதில்லை, காய்ச்சியிருந்தாலும் சரி. சோற்றுக்கு எந்த வினாகிரி என்று அறியத் தாருங்கள். மற்றவர்கள் மது அருந்துவார்கள் என்பதால் சுவரோரமாக இரண்டு இருக்கைகள் தந்தால் நன்றி. உங்கள் முறையை மாற்ற முடியாதென்றால் தயங்காமல் சொல்லுங்கள், நாங்கள் வருத்தப்படமாட்டோம்.

மூன்று கடைகளுக்கு அனுப்பினோம். முதலாவது பெயர் பெற்ற கடை, ஆளுக்கு 45,000 யென். மன்னிக்கவேண்டும், எங்கள் சோற்றில் செந்நிற வினாகிரிதான், அதை மாற்ற இயலாது என்று மறுநாள் பதில் வந்தது. மரியாதையான பதில். இரண்டாவது கடை அரைமணி நேரத்துக்குள் பதில் அனுப்பியது: ஒரு பிரச்சினையும் இல்லை, அனைத்தும் சரி, பணத்தைச் செலுத்தி உறுதிசெய்யுங்கள். வினாகிரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் அதை வாசித்துக் காட்டியபோது மனைவி தலையசைத்தார். “இவரு கடுதாசிய வாசிக்கல்ல” என்றார்.

மூன்றாவது, காகுரசக்கா பகுதியின் சந்தொன்றிலிருந்த எட்டு இருக்கைக் கடை. ஆளுக்கு 22,000 யென். கடைக்காரரே தொலைபேசியில் அழைத்தார். அவரிடம் பதிலைவிடக் கேள்விதான் அதிகம் இருந்தது. சோயா சோஸ் புளிக்கும்போது தானாகவே சிறிது மதுசாரம் உண்டாகிறது, அது உங்களுக்கு ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றோம். வினாகிரிப் போத்தலைக் கொண்டுவந்து லேபலை வாசித்தார்: அரிசி மட்டும். பிறகு ஆகாதவற்றை வரிசையாகச் சொன்னார். விலாங்கு கிடையாது. வேகவைத்த மட்டி கிடையாது. அவற்றுக்குப் பதிலாக வேறு மீன் வாங்குவேன். உங்கள் இருவருக்கும் சோயா சோஸும் தூரிகையும் தனியாக வைப்பேன். முட்டை மட்டும் தரமாட்டேன். மிரின் இல்லாமலும் முட்டை செய்யலாம், ஆனால் அது என் முட்டை அல்ல.

மனைவி அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்தது அந்த முட்டைக்காகத்தான். தன்னால் முடியாததைச் சொல்கிறவர், முடியும் என்று சொன்னதைச் செய்வார் என்பது அவருடைய கணக்கு.

ஜனவரியில் டோக்கியோவில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கெல்லாம் மஃரிப். ஆறு மணி அமர்வுக்குத் தொழுதுவிட்டுப் போக வசதி. கோடையென்றால் ஏழு மணிக்குத்தான் சூரியன் மறையும், சாப்பாட்டின் நடுவில் எழவேண்டியிருக்கும். வாசனைத் திரவியம் பூசிவர வேண்டாம் என்று கடையில் முன்பே சொல்லியிருந்ததால் அத்தர் சிமிழ் அன்று வீட்டிலேயே கிடந்தது.

அந்தப் பலகையில் இருவர் எதிரெதிரே உட்கார்வதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் இருவரும் மூன்றாமவர் ஒருவரின் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வெண்மீன், பிறகு கணவாய். சோறு உடம்பின் சூட்டில் இருந்தது. கையால் உண்பது அங்கே குறையல்ல, அதுவும் ஒரு முறைதான். மனைவிக்கு அதில் பெரிய ஆறுதல். கொஹாதா என்ற சிறிய வெள்ளி நிற மீன், உப்பும் வினாகிரியும் ஏறி வந்தது. வாயில் வைத்தவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: “கொறக்கா போடாத நம்மட ஊரு மீன்.” மொழிபெயர்க்கச் சொன்னார் கடைக்காரர். இலங்கையின் தென்கரையில் மீன் கெடாமலிருக்கக் கொறக்காப் புளியில் சமைப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். எத்தனை நாள் வைப்பீர்கள், உப்பு எவ்வளவு என்று அவர் கேட்டார். மனைவி விரல் மடித்துக் காட்டிப் பதில் சொன்னார். பக்குவம் தெரிந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் வெறும் மொழிபெயர்ப்பாளன் ஆகிப்போனேன்.

மற்ற ஆறு பேருக்கும் இறுதியில் முட்டை வந்தது. எங்கள் முன் வரவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு துண்டு முலாம்பழம் வைத்துத் தலைகுனிந்தார். அந்த ஒன்றரை மணி நேரமும் மனைவி எதைப் பற்றியும் “இதுல என்ன ஈக்கி?” என்று கேட்கவில்லை. வெளியில் எங்கு சாப்பிட்டாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. ஜப்பானில் இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்காமல் உண்டு நான் பார்த்த முதல் சாப்பாடு அதுதான்.

கடையின் பெயரைக் கேட்டு நண்பர்கள் அழைப்பதுண்டு. பெயரைவிட மகள் எழுதிய கடிதத்தின் பிரதியைக் கொடுப்பதுதான் பயனுள்ளது என்று நினைக்கிறேன். அதை அனுப்பிய சிலருக்கு ‘முடியாது’ என்றே பதில் வந்திருக்கிறது. அதற்காக மனம் சோரவேண்டாம் என்று அவர்களிடம் சொல்வேன். அப்படிச் சொன்னவர் கடிதத்தை வாசித்திருக்கிறார். அடுத்த கடைக்கு அனுப்புங்கள்.