பவளத் தொட்டிக்கு ஒரு நாயக மீன்

வீட்டில் பவளத் தொட்டி அமைப்பவர் எவராயினும், பாறை அடுக்கி, ஜலம் தெளிந்து, பவளங்கள் பாறையைப் பற்றிக்கொண்டு விரியத் தொடங்கிய பிறகு, அந்தச் சிறு சமுத்திரத்தின் நடுவே கம்பீரமாய் உலவ ஒரு பெரிய மீன் வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையில் பிழை ஒன்றும் இல்லை. பவளம் நின்ற இடத்திலேயே நிற்பது. அதன் சௌந்தரியத்தை அறிய அருகில் சென்று நிதானமாக நோக்க வேண்டும். அறைக்குள் நுழைந்த மாத்திரத்தில் கண்ணைக் கவர்ந்து, பாறையின் உயரத்தையும் நீரின் ஆழத்தையும் தன் சஞ்சாரத்தால் அளந்து காட்டுவதோ ஒரு பெரிய மீனே. இந்தக் கலையில் நெடுங்காலம் ஈடுபட்டு நான் கொண்டுள்ள முடிவு இதுதான்: நாயக மீனை எல்லாவற்றுக்கும் முதலில் தீர்மானிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் கடைசியில் தொட்டியில் விட வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தொட்டி நிறைந்த பின் மீனைத் தேடுகிறார்கள். கடையில் கண்ட அன்றே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள்.

முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பதற்கு மூலகாரணம் மீனின் அளவு. கடையில் நாம் காண்பது அதன் பால்ய ரூபம். சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் மூன்று அங்குல நீளத்தில் நீலமாய் மின்னும் ரீகல் டேங் முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டரை எட்டும். எம்பரர் ஏஞ்சலும் ஸெயில்ஃபின் டேங்கும் 40 சென்டிமீட்டர் வரை வளரும். குஞ்சாக இருக்கையில் உள்ளங்கையில் அடங்கும் பேட்ஃபிஷ் அரை மீட்டரையும் கடந்துவிடும். தொட்டி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் மீன் வளரும் என்று வழங்கும் பேச்சில் உண்மை இல்லை. இடம் போதாத மீனுக்குச் சுருங்குவது அதன் ஆரோக்கியமும் ஆயுளும். ஆகவே மீனை வாங்கிய பிறகு பெரிய தொட்டி செய்துகொள்ளலாம் என்று எண்ணுவது, தேரைக் கட்டி நிறுத்திவிட்டு வீதியை அகலப்படுத்தப் புறப்படுவதற்கு ஒப்பாகும். கண்ணாடி வெட்டக் கொடுக்கும் முன்பே எந்த மீனுக்காக வெட்டுகிறோம் என்பது நிச்சயமாகியிருக்க வேண்டும். நீளத்துக்குத் தரும் கவனத்தை அகலத்துக்கும் தர வேண்டும். பெரிய மீன் வேகம் குறையாமல் திரும்புவதற்கு அகலமே இடம் தருகிறது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள தொட்டி ஏறத்தாழ 850 லிட்டர் கொள்ளும். உடல் பெரிய டேங் ஜாதிகளுக்கு இதைக் கீழெல்லையாகக் கொள்வதே என் வழக்கம். பாறையையும் சுவரோடு சுவராக அடுக்காமல், இரண்டு குன்றுகளாகப் பிரித்து, நடுவிலும் பின்புறத்திலும் மீன் சுற்றிவர வழிவிட்டு அமைக்க வேண்டும்.

அளவுக்கு அடுத்தபடி ஆராய வேண்டியது ஆகாரம். பவளப்பாறையில் வாழும் மீனெல்லாம் பவளத்தோடு சிநேகமாக இருக்கும் என்று கருதலாகாது. பட்டாம்பூச்சி மீன்களில் பல ஜாதிகளுக்குப் பவளத்தின் சதையே உணவு. எம்பரர் ஏஞ்சல், குஞ்சுப் பருவத்தில் கருநீலத்தின்மேல் வெண்வளையங்களும், முதிர்ந்தபின் மஞ்சள் கோடுகளுமாக இருவேறு கோலம் காட்டும் அற்புதமான மீன். ஆனால் இயற்கையில் கடற்பஞ்சுகளையும் பாறையோடு ஒட்டி வாழும் மெல்லுயிர்களையும் கடித்துத் தின்று பழகிய அதன் வாய், தொட்டியில் சதைப்பற்றுள்ள பவளங்களையும் ராட்சதச் சிப்பிகளின் விளிம்பையும் பரீட்சித்துப் பார்க்கும். லயன்ஃபிஷ் பவளத்தைத் தொடாது. தன் வாய்க்குள் அடங்கும் மீனையும் இறாலையும் மிச்சம் வைக்காது. நம் மீனவர் கிளாத்தி என்று அழைக்கும் குடும்பத்தில் பெரும்பாலானவை நண்டையும் சிப்பியையும் உடைத்துத் தின்பவை. அதே குடும்பத்தில் நீலத்தொண்டைக் கிளாத்தியோ நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களை உண்டு வாழ்வதால் பவளத் தொட்டிக்குப் பெரிதும் இசைந்தது. குடும்பப் பெயரை மட்டும் கேட்டு ஒரு மீனைக் கொள்வதும் தள்ளுவதும் தவறு. அந்த ஜாதி கடலில் எதை உண்கிறது என்பதை அறிந்தே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வகையில் பார்த்தால் பாசி தின்னும் மீன்களே நாயக ஸ்தானத்துக்கு முதல் உரிமை உடையவை. அவை பொழுதெல்லாம் பாறையை மேய்ந்து, பவளத்தின்மேல் படர்ந்து அதை மூச்சுமுட்டச் செய்யும் இழைப்பாசியைக் கட்டுக்குள் வைக்கின்றன. அழகுக்கென்று நாம் வைத்த பிராணி அந்தச் சிறு உலகின் ஒழுங்குக்கும் காவலாகிறது. ஆயினும் அவற்றிலும் குணபேதம் உண்டு. இலங்கை, மாலத்தீவுக் கடல்களிலிருந்து வரும் பவுடர் ப்ளூ டேங்கின் வெளிர்நீல மேனியும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் எவரையும் மயக்கும். ஆனால் வெண்புள்ளி நோய்க்கு அதைப்போல் எளிதில் இரையாகும் மீன் அரிது. செங்கடலின் ஸோஹல் டேங் வலிமையும் வனப்பும் மிக்கது. தொட்டி முழுவதையும் தன் ராஜ்யமாகக் கருதி, வால் அடியில் உள்ள கூரிய முள்ளால் மற்ற மீன்களைக் கிழித்துவிடும் ஸ்வபாவமும் அதற்கு உண்டு. அனுபவம் முதிர்ந்தவர் இவற்றை வளர்க்கிறார்கள். முதல் நாயக மீனாக இவற்றை நான் எவருக்கும் சொல்வதில்லை.

நான் சிபாரிசு செய்வது இந்து மகாசமுத்திரத்து ஸெயில்ஃபின் டேங். டெஸ்ஜார்டினி என்று கடைக்காரர் சொல்வதும் இதையே. செங்கடல் முதல் தென்னாப்பிரிக்கா வரையிலும், கிழக்கே ஜாவா வரையிலும் பரவியுள்ள இந்த மீன், முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் விரித்து நிற்கையில் நீளத்துக்கு ஏறக்குறைய நிகரான உயரம் பெற்று, பக்கவாட்டில் ஒரு முழுநிலவின் பரப்பைக் காட்டும்; துடுப்பைச் சுருக்கிப் பாய்கையில் ஒல்லியாகிப் பாறை இடுக்கில் புகுந்துவிடும். வேறொரு பெரிய மீனிடமும் காண முடியாத இந்த உருமாற்றத்துக்காகவே அதை நான் நேசிக்கிறேன். பிற மீன்கள் ஒதுக்கும் குமிழிப் பாசியையும் இது தின்பதுண்டு. குணத்திலும் ஸோஹலைப்போல் குரூரமானது அன்று. ஆறடித் தொட்டிக்கு வசதியில்லாதவர், நான்கடி அல்லது ஐந்தடித் தொட்டியில், 20 சென்டிமீட்டருக்கு மேல் வளராத மஞ்சள் டேங்கை வைத்துக்கொள்ளலாம். நம்மவர் ஓரா என்று வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்த மஞ்சள் நிற ஃபாக்ஸ்ஃபேஸ் ஐந்தடித் தொட்டிக்கு ஏற்றது. அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டாகையால் தொட்டிக்குள் கைவிடும்போது எச்சரிக்கை வேண்டும்.

ஜாதியைத் தீர்மானித்த பிறகு அந்த ஜாதியில் ஒரு மீனைத் தேர்ந்தெடுப்பது தனி வித்தை. கடையில் வர்ணத்தைப் பார்ப்பதற்கு முன் நான் வயிற்றைப் பார்ப்பேன். ஒட்டிய வயிறும், தலைக்குப் பின்னால் முதுகில் சதை வற்றிய குழியும் உள்ள டேங்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கண் தெளிவாக இருக்க வேண்டும். செவுள் நிதானமாக அசைய வேண்டும். துடுப்பின் ஓரம் கிழிந்திருந்தால் ஆறிவிடும், வெண்மை படர்ந்து அரித்திருந்தால் நோய். எல்லாவற்றுக்கும் மேலாக, என் கண்ணெதிரே அது உண்ண வேண்டும். கடற்பாசித் தகடான நோரியில் ஒரு துண்டை நீரில் விட்டால் ஆரோக்கியமான டேங் சற்று நேரத்தில் வந்து கிழிக்கத் தொடங்கும். உண்ணாத மீனுக்குக் காரணம் பயணக் களைப்பு என்று கடைக்காரர் சொல்லலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். முன்பணம் கொடுத்து, ஒரு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வருவதே உசிதம். 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பரவிய ஸயனைடு வைத்து மீன் பிடிக்கும் கொடிய முறையில் சிக்கிய மீனும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். சில நாட்களிலோ வாரங்களிலோதான் அதன் உள்ளுறுப்புக்களின் கேடு வெளிப்படும். காத்திருப்பது இந்த விஷயத்திலும் நமக்குத் துணை.

வாங்கிய மீன் நேரே பவளத் தொட்டிக்குப் போகலாகாது. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் க்ரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணி, மீனின் தோலிலும் செவுளிலும் சில நாட்கள் தங்கி உண்டபின், கீழே உதிர்ந்து, கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, அதனுள் பல நூறாகப் பெருகி மீண்டும் மீனைத் தேடி வருகிறது. அதைக் கொல்லத் தாமிரம் வல்லது. ஆனால் மீன் தாங்கும் அந்தச் சொற்ப அளவுத் தாமிரமே பவளத்துக்கும் இறாலுக்கும் யமன். எனவே நோய் பவளத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் பிடித்து வெளியேற்றி, தொட்டியைப் பல வாரங்கள் மீனின்றி வைத்திருப்பதைத் தவிர நம்பத்தக்க பரிகாரம் இல்லை. பாறைக் குன்றுகளுக்கிடையே ஒளிந்தோடும் டேங்கைப் பிடிப்பது எத்தகைய பிரயத்தனம் என்பதைச் செய்தவரே அறிவர். மணலும் பாறையும் இல்லாத, ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் மட்டும் இட்ட தனித்தொட்டியில் புதிய மீனை நான்கு முதல் ஆறு வாரம் வைத்திருந்தால் இந்தக் கஷ்டம் முழுவதும் விலகும். அந்தக் காலம் வீண் போவதில்லை; அங்கேதான் அது நம் கையால் தரும் ஆகாரத்துக்குப் பழகி, இளைத்த உடல் தேறுகிறது.

கடைசியில் விட வேண்டும் என்ற இரண்டாம் விதிக்கு வருகிறேன். முதலில் வந்த மீன் இடத்தைத் தன் உடைமையாக்கிக்கொள்ளும். பெரிய மீன் முதலில் வந்தால் பின்னே வருவன எல்லாம் அதற்கு அந்நியர். சிறு மீன்கள் தத்தம் இடங்களில் நிலைத்த பிறகு நாயக மீன் வந்தால், அது விருந்தினனாகவே பிரவேசிக்கிறது. அதன் வேகமும் அடங்கியிருக்கிறது. அப்போதும், துளையிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டு, அதனுள் சில நாட்கள் இருத்தி, பழைய மீன்கள் பார்த்துப் பழகியபின், விளக்கணைத்த வேளையில் திறந்துவிடுவது நலம். உருவத்திலோ நிறத்திலோ அதை ஒத்த இன்னொரு மீன் ஏற்கனவே இருந்தால் சண்டை பெரும்பாலும் நிச்சயம். அன்றியும், பெரிய மீன் அதிகம் உண்டு அதிகம் கழிக்கும். அந்தக் கழிவை ஏற்றுச் சீரணிக்கும் நுண்ணுயிர்கள் பாறையில் பெருகியிருக்க வேண்டும், கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவி பழகியிருக்க வேண்டும். புதிய தொட்டிக்கு அந்தச் சக்தி இல்லை.

சென்னை போன்ற ஊரில் இருப்பவருக்கு ஒன்று கூடச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில், நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாத தொட்டியின் ஜலம் 30 டிகிரியைக் கடந்துவிடும். பவளம் வெளுப்பதற்கு அந்த உஷ்ணம் போதும். உஷ்ணம் ஏற ஏற நீரில் கரையும் பிராணவாயுவும் குறைகிறது. இரவில், விளக்கு அணைந்தபின் பவளமும் பாசியும் சேர்ந்து பிராணவாயுவை உட்கொள்ளும் வேளையில் மின்சாரம் நின்றால், உடல் பெரியதும் ஓயாமல் நீந்துவதுமான மீனே முதலில் தவிக்கும். பாட்டரியில் ஓடும் ஒரு காற்று பம்ப் தொட்டிக்கான உபகரணங்களில் மிக மலிவானது. நாயக மீன் வருவதற்கு முன் அது வந்திருக்க வேண்டும்.

இவ்வளவு முன்யோசனை ஒரு மீனுக்கு வேண்டுமா என்று கேட்போருக்கு என் விடை அதன் ஆயுள். ஹவாய்க் கடலில் பிடித்த மஞ்சள் டேங்குகளின் செவிக்கல் வளையங்களை எண்ணி ஆராய்ந்தவர்கள், நாற்பது ஆண்டைக் கடந்தவையும் அவற்றில் உண்டு என்று கண்டிருக்கிறார்கள். இந்த மீன்களின் குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மாதம் திறந்த சமுத்திரத்தில் மிதந்து திரிந்த பிறகே பாறையை அடைகின்றன. ஆகையால் மனிதன் கையில் இவற்றை இனப்பெருக்கம் செய்விப்பது நெடுங்காலம் கைகூடாமல் இருந்தது. 2015இல் ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட் மஞ்சள் டேங்கையும், 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ரீகல் டேங்கையும் முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தனர். பண்ணையில் பிறந்தது கிடைத்தால் விலை சற்று அதிகமானாலும் அதையே வாங்குவது தர்மம். கடலில் பிறந்ததை வாங்கினால், அது அங்கே வாழ்ந்திருக்கக் கூடிய ஆண்டுகளுக்கு நாம் பொறுப்பேற்கிறோம். அந்தப் பொறுப்புக்கு ஏற்ற தொட்டி இல்லாதவர், சிறிய ஆந்தியாஸ் மீன்களைக் கூட்டமாக விட்டு அந்த நடுவெளியை நிரப்பட்டும். அதிலும் கண்ணுக்குக் குறைவில்லை. தொட்டி உள்ளவர் ஒரே ஒரு பெரிய மீனை அறிந்து தேர்ந்து, அதன் முழு வளர்ச்சியைத் தம் வீட்டிலேயே காணட்டும்.